ஓர் ஆளுக்கு ஒரு தீவு

நான் வேலை செய்யும் பல் கிளினிக்கின் வரவேற்பறையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அதில் சத்தம் வராது. டாக்டர் வாங்கி மாட்டிய நாளிலிருந்து ஒரே படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது: பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, அப்புறம் ஓர் ஆமை. ஆமை வலப்பக்கம் நீந்திப் போய் மறைந்ததும் மறுபடியும் தண்ணீர், மணல், தென்னை. பல் பிடுங்க வந்தவர்களின் பயத்தைத் தணிக்க மாட்டியது. அவர்கள் யாருக்கும் பயம் தணிந்து நான் பார்த்ததில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கைபேசியைத்தான் பார்ப்பார்கள். ஆறு வருடமாக அந்த ஆமையை ஒழுங்காகப் பார்த்து வந்தவள் நான் ஒருத்திதான்.

போன வருடம் மலேசியா தினத்தை ஒட்டி நான்கு நாள் கிளினிக்கை மூடப்போவதாக டாக்டர் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாராம். சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு எனக்குக் கடைசியாக எப்போது கிடைத்தது என்று யோசித்தேன். அம்மாவின் காரியத்துக்குப் போட்டதுதான் கடைசி. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நேரில் போய் அந்த ஆமையைப் பார்த்துவிடுவது என்று.

பேராக் மாநிலத்தில் இருப்பவர்களுக்குத் தீவு என்றால் பங்கோர்தான். நம் ஆட்கள் பங்கோருக்குப் போகிற விதமே தனி. விடிவதற்கு முன்பே எழுந்து பிரியாணி கிண்டி, பாய், தலையணை, பிளாஸ்க், பெரிய சோற்றுத் தேக்சா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, இருபது பேராகப் படகு ஏறி, மணலில் உட்கார்ந்து தின்று, முட்டிவரை நனைந்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவது. நானும் எட்டுப் பத்துத் தடவை அப்படிப் போயிருக்கிறேன். கடலைப் பார்த்த ஞாபகத்தைவிடப் பாத்திரம் கழுவிய ஞாபகம்தான் அதிகம். அதனால் இந்தத் தடவை கிழக்குக் கரை, பெர்ஹெந்தியான் தீவு. கிரிக் மலைப்பாதையில் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போய், கோல பெசுட்டில் படகு ஏற வேண்டும். பாத்திரம் கிடையாது. கூட ஆளும் கிடையாது.

தங்குமிடத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "சத்து ஓராங் சஜா கா, காக்?" என்று பதில் வந்தது. ஒரே ஓர் ஆள்தானா அக்கா என்று கேட்கிறான். ஆமாம் என்றேன். சற்றுப் பொறுத்து, இரட்டைக் கட்டில் அறைதான் இருக்கிறது, பரவாயில்லையா என்றான். குறுக்கே படுத்துக்கொள்கிறேன் என்று எழுதலாமா என்றிருந்தது. மூன்று இரவு, மூன்று வேளைச் சாப்பாடு, ஆமை பார்க்கப் படகு, இரண்டாம் நாள் சாயங்காலம் கடற்கரையில் சுட்ட மீன் விருந்து. எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். யோசித்தால் மனம் மாறிவிடும் என்று முன்பணத்தை உடனே அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் அப்பாவை என்ன செய்வது என்று உட்கார்ந்தேன். குனோங் ராபாட்டில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருக்கிறோம். பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்பு மலை மூக்குக்கு நேரே நிற்கும். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியபோது ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றார். இனிப்பு நீர் உண்டு. சாப்பாட்டுக்கு முன் ஊசி, காலையும் மாலையும் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் உள்ளங்காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் என் கையில். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. கூடி வந்தவை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா போனதிலிருந்து வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். எத்தனை தோசை, எத்தனை கரண்டி சோறு, எந்தக் கோப்பையில் எவ்வளவு தேத்தண்ணி என்பது வரைக்கும்.

பாகான் செராயில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். நான்கு நாள் வந்து அப்பாவோடு இரு, யாரிடமும் சொல்லாதே என்றேன். எங்கள் ஆட்களிடம் "போறேன்" என்று சொன்னாலே "வாங்க" என்று அழைத்ததாகத்தான் அர்த்தம். தம்பி சரி சரி என்றான். மத்தியானம் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் கிள்ளானில் இருக்கும் சித்தி கேட்டிருக்கிறார்: "பீச்சுக்கு எத்தன மணிக்கு வேன் வருது?" அதற்குக் கீழே பெரியப்பா மகன், இருபத்திரண்டு சீட் வேன் ஓட்டும் ஒருத்தரைத் தெரியும் என்கிறான். அவன் மனைவி நாசி லெமாக் சோற்றுக்குத் தான் பொறுப்பு என்கிறாள். தேக்சா யார் கொண்டு வருவது என்று வாதம் தொடங்கிவிட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தனியாப் போறேன். வேன் வேணாம். தேக்சாவும் வேணாம்," என்று எழுதிப் போட்டேன்.

முதலில் ஒரு கட்டைவிரல் வந்தது. அப்புறம் எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. கிரிக் பாதையில் யானை குறுக்கே வரும். கடலில் சொறி மீன் கடிக்கும். தனிப் பொம்பளை என்று தெரிந்தால் ஓட்டல்காரன் ஒரு மாதிரிப் பார்ப்பான். சித்தி மட்டும் தனியாகப் போன் செய்து, "ஏம்மா, மனசுக்கு ஏதும் கஷ்டமா?" என்றார். இல்லை சித்தி, ஆமை பார்க்கப் போறேன் என்றேன். எனக்குக் கஷ்டம்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

ஒருவர் மட்டும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அப்பா. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும், "ஓட்டல் எல்லாம் சரியா இருக்கா? காடிக்கு டயர் பாத்தியா?" என்று கேட்பார். ஒரு நாள் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய் எனக்கு ஒரு பெரிய வைக்கோல் தொப்பி வாங்கி வந்தார். மனுஷருக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்து போனேன். அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகவே போட்டேன்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது தம்பி மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போற மறுநாளு புரட்டாசி பொறக்குதுலா. காலண்டர் பாக்கலயா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஊரில் யார் மறந்தாலும் நான் மறக்கலாமா? ஒவ்வொரு வருடமும் புரட்டாசிக்கு முந்திய நாள் ஈப்போ முழுக்க நம் ஆட்கள் கோழிப் பொரியல் கடைகளில் வரிசை கட்டி நிற்பார்கள், நாளைக்கு உலகம் முடிந்துவிடும் என்பது போல. அந்த நேரத்தில் நான் குளிர்ப்பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பேன். அம்மா புரட்டாசிக்கென்று தனியாக வைத்திருந்த சட்டி, கரண்டி, தோசைக்கல் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் அலமாரிக்கு மேல் இருக்கும். அதை இறக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மீன் சட்டிகளை மூட்டை கட்டி ஏற்றிவிடுவேன். அந்த மாதம் முழுக்க வீட்டுக்குள் ஒரு முட்டை நுழைய முடியாது. அலுத்துப்போனால் சீனர் சைவக் கடையிலிருந்து சோயாவில் செய்த பொய் ஆட்டிறைச்சியைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கி வருவேன். அப்பா அதை ரொம்ப நேரம் மெல்லுவார்.

"நான் ஒண்ணு உண்மையச் சொல்லிர்றேன் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "எங்க வீட்டுல புரட்டாசி புடிக்கிறதில்ல. எனக்கு மீனு இல்லாம ஒரு வேள சமைக்கத் தெரியாது. மாமாவுக்கு நான் என்னத்த ஆக்கிப் போடுவேன், சொல்லுங்க?"

அவளைக் குறை சொல்ல முடியாது. பாகான் செராய்க்குப் பக்கத்தில்தான் கோல குராவ் மீன்பிடித் துறை. அவர்கள் வீட்டு ரசத்தில்கூட நெத்திலி மிதக்கும்.

என் பாடும் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் சுட்ட மீன் விருந்து என்றால் அது சரியாகப் புரட்டாசி முதல் நாள். தங்குமிடத்துக்கு எழுதினேன்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். "போலே, காக்," என்று உடனே பதில் வந்தது, முடியும் என்று. நல்ல பையன் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம், "இக்கான் பிலிஸ் போட்டால் ஓகேயா?" என்று கேட்டான். இக்கான் பிலிஸ் என்றால் நெத்திலி. நெத்திலியை மீன் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். நான்கு நாளைக்கும் சாம்பார் வைத்து உறைய வைக்கலாமா? பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாமா? கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை, போகவில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புரட்டாசி மேல் எரிச்சல், அப்பா மேல் எரிச்சல், காலண்டரைப் பார்க்காத என் மேல் இரண்டு மடங்கு எரிச்சல். நாற்பத்தெட்டு வயதில் நான்கு நாள் எனக்கென்று கேட்டேன், அதற்குக்கூடக் கொடுப்பினை இல்லை என்று பாத்திரங்களைத் தடால் தடால் என்று வைத்தேன்.

அப்பா பின்வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நான் போகலப்பா," என்றேன்.

பேப்பர் கீழே இறங்கியது. "ஏன் போகல?"

"புரட்டாசி வருது. உங்களுக்கு யாரு சமைக்கிறது? அவளுக்கு மீனு இல்லாம ஆக்கத் தெரியாதாம்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்லா. நீ போ. நாங்க ஏற்பாடு பண்ணிட்டோம்," என்றார் அவசரமாக. "தம்பி வாரான். ரெண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போறோம். மறுநாளு காலையில குராவ் போயி, படகுலருந்து எறக்கும்போதே நல்ல நண்டா..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"நல்ல என்னது?"

"நண்டு," என்றார், குரலைத் தாழ்த்தி.

"புரட்டாசி மொத நாளு நண்டா? ஒன்பது வருசமா அந்த மாசத்துல ஒரு முட்டயக்கூடத் தொடாத மனுசனாப்பா நீங்க?"

"நான் எங்க புரட்டாசி புடிச்சேன்?" அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ புடிக்கிற. வீட்டுல இருக்கிறது ஒரு அடுப்பு. நீ சாம்பார் வெச்சா நான் சாம்பார் திங்கிறேன். அந்த ரப்பர் மாதிரி இறைச்சிய வாங்கியாந்து போட்டா, அதையும் திங்கிறேன்."

"நானா புடிக்கிறேன்? நான் உங்களுக்காகல்ல புடிக்கிறேன்! எனக்கு என்ன நேர்த்திக்கடனா?"

"வெளையாடாத பாப்பா."

"நீங்க வெளையாடாதீங்க. அன்னைக்கு நீங்கதானே பெட்டிய எறக்கி வெச்சீங்க?"

அது அம்மா இறந்த வருடம். புரட்டாசி வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அம்மா இருந்தவரை அது அவர் பொறுப்பு. வேலை முடிந்து பசாரில் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசை மேல் அம்மாவின் அட்டைப்பெட்டி இருந்தது. ஏணி பக்கத்தில் நின்றது. அப்பா மேலே ஏறி இறக்கியிருக்கிறார். அம்மா செய்ததை விடக் கூடாது என்று கேட்கிறார், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். மீனைப் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆண்ட்டியிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சட்டியாகக் கழுவிக் கவிழ்த்தேன். அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். அப்புறம் கூடத்துக்குப் போய்விட்டார்.

இதை நான் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மாறியது. கையில் இருந்த பேப்பரை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார்.

"யாருக்காச்சும் குடுத்துரலாம்னுதான் எறக்குனேன்," என்றார். "கோயிலுக்குக் குடுக்கலாம்னு. அதப் பாக்க முடியல பாப்பா. அவ கையி பட்ட சாமான். மேல இருந்தாலும் அது அங்க இருக்குன்னு தெரியுதில்ல. எறக்கி வெச்சுட்டுத் துணி எடுக்கப் போனேன், மூட்ட கட்ட. வந்து பாத்தா நீ கழுவிக்கிட்டு நிக்கிற. சரி, இவளுக்கு அம்மா ஞாபகம், நோகடிக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"ஒன்பது வருசமாச் சொல்லலியே நீங்க."

"நீயும்தான் கேக்கல."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். சோயா ஆட்டிறைச்சியை அவர் மென்ற மெல்லலை நடித்துக் காட்டினார். அப்புறம் எனக்கு அழுகை வந்தது. அவரால் பார்க்கவே முடியாத சட்டியில் வருடத்துக்கு ஒரு மாதம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், பாசமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு. எனக்கு அது தாங்கவில்லை. அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அப்ப நீ போறியா?" என்று குரல் வந்தது.

"போறேன்."

"நாலு நாளும் இருந்துட்டு வா. முன்னாடியே வந்துராத," என்றார். "ஒனக்கு மட்டும்தான் லீவா? எனக்கும் லீவு வேணும்லா."

வைக்கோல் தொப்பியின் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிளம்புகிற அன்று காலையில் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். ஊசி, மாத்திரை விவரங்களை எழுதி ஒரு தாளில் கொடுத்தேன். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று நான் எழுதி வைத்திருந்த இன்னொரு தாளைக் கொடுக்கவில்லை. அட்டைப்பெட்டியை வெளியே கொண்டுவந்து, கோயிலுக்குக் கொடுக்கப் போகிறோம் என்றேன். தம்பி மனைவி திறந்து பார்த்தாள். ஒரு சட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கனமான சட்டி அண்ணி. எனக்குக் குடுங்களேன். மீன் கொழம்புக்கு எடுக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் புரட்டாசிச் சட்டியில் மீன் குழம்பா? நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார். "எடுத்துக்கம்மா, எடுத்துக்க," என்றார். "நாளைக்கு நண்ட அதுலயே வெய்யி." பெட்டி தம்பியின் காருக்குள் ஏறியது. நான் என் காருக்குள் ஏறினேன்.

தீவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் உண்மையிலேயே அந்த நிறத்தில்தான் இருக்கிறது. யாரும் சாயம் கலக்கவில்லை. கழுத்துவரை இறங்கி நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. முதல் நாள் அதுவே பயமாக இருந்தது, இரண்டாம் நாள் பழகிவிட்டது. ஆமை வந்தது. என்னைக் கண்டுகொள்ளாமல் கடற்புல் தின்றுவிட்டு இடப்பக்கம் போனது. சாயங்கால விருந்தில், வாட்ஸ்அப்பில் பதில் எழுதிய பையனே வந்து, எனக்கென்று கீரையும் தவ்வு என்கிற சோயாக் கட்டியும் தனியாக வதக்கி வைத்திருப்பதாகச் சொன்னான், நெத்திலி இல்லாமல். அதையும் வாங்கிக்கொண்டேன், சம்பல் தடவிச் சுட்ட திருக்கை மீனிலும் ஒரு துண்டு கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். முதல் வாய் வைத்தபோது அம்மாவின் முகம் வந்தது. இரண்டாம் வாயில் சம்பலுக்கு உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்று தெரிந்தது. தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். சட்டை போடாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா, முன்னால் மலை போல நண்டு ஓடு.

நான்காம் நாள் மத்தியானம் கோல பெசுட் துறைமுகத்துக்கு வந்து இறங்கினேன். நிறுத்தி வைத்திருந்த கார் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. நான்கு கதவையும் திறந்து விட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். தம்பி அவரைக் காலையிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தான்.

"கரைக்கு வந்துட்டேன்பா. பொழுது சாயிறதுக்குள்ள வந்துருவேன்."

"மெதுவா வா. யான வரும்."

வழக்கமாக இந்த இடத்தில் நான், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, முருங்கைக்கீரை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன்.

"ராத்திரிக்கு என்னப்பா சாப்பிடணும்போல இருக்கு?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"அப்பா?"

"இருக்கேன்லா," என்றார். "திடீர்னு கேட்டா என்னத்தச் சொல்றதுன்னு தெரியல. நீ சொல்லு பாப்பா. ஒனக்கு என்ன வேணும்?"

வாயைத் திறந்தேன். அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்பது வரிசையாக வந்தது. எனக்கு என்ன வேண்டும் என்பது வரவில்லை. அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அப்படியே நின்றேன்.

"கிரிக் வந்ததும் யோசிச்சுச் சொல்றேன்பா," என்றேன். "நீங்களும் யோசிச்சு வைங்க."

"சரி," என்றார் அப்பா. நான் காரில் ஏறி எந்தப் பாட்டும் போடாமல் ஓட்டத் தொடங்கினேன்.